குவளாலபுரம் கண்டு வந்தோம்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நந்திதுர்க் பகுதியைச் சேர்ந்த எங்கள் சங்கக் குடும்பங்கள் சில ஒன்றுகூடிக் கோலார் நகருக்குச் சென்று வந்தோம். தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மாவட்டத் தலைநகர் ஆதலின், வழக்கென்றும் சான்றிதழென்றும் அங்கே நாம் போகாத ஆண்டில்லை. ஆயினும், ஊரைக் காண்பதற்கென்றே போனது இதுவே முதல் முறை என எங்களுள் பலர் வெட்கத்துடன் ஒப்புக்கொண்டனர்.

இன்று பேருந்து நிலையமும் கடைவீதியுமாக இரைச்சலிட்டுக் கிடக்கும் இவ்வூர் ஒரு காலத்தில் தலைநகராய் விளங்கியது. குவளாலபுரம் என்பது அதன் பழம்பெயர். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அரசு நிறுவிய கங்க மரபினர் முதலில் இருந்து ஆண்டது இங்கேதான். பின்னரே அவர்கள் காவிரிக்கரைத் தழைக்காட்டுக்குப் பெயர்ந்தனர். பெயர்ந்த பிறகும் பழைய நகரை மறந்தாரில்லை. குவளாலபுரத்து இறைவர், நந்தகிரிக்கு நாதர் என்றே தம்மைச் சாசனங்களில் குறித்துக்கொண்டனர். நந்தகிரி என்பது இன்றைய நந்தி மலை. அம்மலைக் கோட்டையின் பெயரே நந்திதுர்க். பொன் தேடி வந்த ஆங்கிலக் கம்பெனியார் நம் சுரங்கத்துக்கு இட்ட பெயரும் அதுவே. கங்க வேந்தர் விருதுகளில் ஒன்றைத்தான் நாம் முகவரியாக எழுதி வருகிறோம் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி எங்களுக்கும் புதிய செய்தியாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் நன்னூற் சூத்திரங்களை நெட்டுருச் செய்தோர் நம்மில் பலர். அந்நூலைச் செய்வித்த சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன். தன்னைக் குவளாலபுரத்துக்கு உரியவனாகவே கூறிக்கொண்டவன். நன்னூலைப் பயின்ற நாளில் இதனை ஆசிரியர் சொல்லியிருப்பின், அவர் பிரம்புக்குச் சற்று ஓய்வு கிடைத்திருக்கும்.

முதலில் கோலாரம்மன் கோயிலை அடைந்தோம். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். தாழ்ந்த, கனத்த கற்கட்டடம். இரு சன்னிதிகள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமைந்துள்ளன. முன்மண்டபம் இரண்டுக்கும் பொது. ஒன்றில் கோலாரம்மன், மற்றொன்றில் தேள்கடியினின்று காப்பவள் என மக்கள் நம்பும் செல்லம்மன். அங்குள்ள குழியில் காணிக்கைக் காசுகளை இடுகின்றனர். எங்கள் குழுவினரும் இட்டனர். சுரங்க லைன் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தேளைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

சோழர் கங்க நாட்டை வென்றபின் இப்பகுதி நிகரிலிசோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. செங்கல்லால் இருந்த இக்கோயிலை நீக்கிக் கல்லால் எடுப்பிக்குமாறு முதலாம் இராசேந்திரன் (1012 - 1044) ஆணையிட்டான் என்னும் செய்தி இங்குள்ள கல்வெட்டிலேயே உள்ளது. அதில் அம்மன் பிடாரியார் எனப்படுகிறாள். எழுத்து தமிழ், மொழியும் தமிழ்.

சுவரருகே நின்றிருந்த ஒரு சிறுமி, "தாத்தா, இது நம் எழுத்துத்தானா?" என்று கேட்டாள். அவள் தாத்தா நந்திதுர்க் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலைக் கல்லில் படாமல் நகர்த்தி, ஒரு 'ப', ஒரு 'ட', ஒரு 'ம' என்று பொறுக்கினார். ஒரு சொல்லையும் முழுதாகக் கூட்ட அவரால் இயலவில்லை, எங்களாலும் இயலவில்லை. ஆயினும் அவ்விடத்தை விட்டு அகல ஒருவருக்கும் மனமில்லை. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டையுடன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இராசேந்திரன் படை வாளுடன் வந்தது; நம் பாட்டன்மார் கூலிக்கு வந்தனர். இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது முறையன்று. கோயிலில் அன்று எங்களுக்கு வழிவிட்டு, கற்பூரத் தட்டை நீட்டியவரும் கன்னடமே பேசினார்.

சோமேசுவரர் கோயில் விசயநகரக் காலத்தது. அதன் கல்யாண மண்டபத் தூண்களில் சிற்பி தன் உளியை ஓரிடத்திலும் சும்மா விடவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுவே. ஐதர் அலியின் தந்தை பத்தே முகம்மது அடங்கிய மக்பராவையும் கண்டோம். ஐதர் பிறந்தது பங்காருப்பேட்டையை அடுத்த பூதிக்கோட்டை என்பர். 1782இல் அவர் இறந்தபோது உடல் முதலில் கோலாருக்கே கொண்டுவரப்பட்டு, பின்னர் சீரங்கப்பட்டணம் சென்றது.

மக்பராவின் மர நிழலில் கட்டுச்சோறு உண்ணும்போது, போலந்து நாட்டு வார்சா நகரில் பணிபுரிந்து விடுமுறையில் வந்திருந்த இளைஞர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். 1944இல் செருமானியப் படையினர் அந்நகரைத் திட்டமிட்டுத் தகர்த்தனர். போருக்குப் பின் அம்மக்கள் பழைய நகரை மீண்டும் பழையபடியே கட்டினர். 18ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்னும் ஓவியர் தீட்டிய தெருக்காட்சிகளும், கட்டடக்கலை மாணவர் எடுத்திருந்த அளவுப் படங்களும் அவர்களுக்கு வழிகாட்டின. வீழ்ந்த சிகிசுமண்டு மன்னரின் தூண் 1949இல் எழுந்தது. அரண்மனைப் பணி 1971இல் தொடங்கி 1984இல்தான் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. "புதிய கட்டடம் என்று தெரிந்தே அங்குள்ள முதியவர்கள் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள்" என்றார் அவர்.

இதைக் கேட்டபின் பேச்சு தானாகவே நம் இடத்துக்குத் திரும்பியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றுமுதல் நம் இளைஞர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கின்றனர். சுரங்க வாய்களின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் துருவேறுகின்றன; லைன் வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. அவற்றை யார் அளந்து வைத்தார்? யார் வரைந்து வைத்தார்? கங்கர் காலத்துச் செங்கற்கோயில் எவ்வாறு இருந்தது என்று இன்று சொல்வார் இல்லை. கல்லில் எழுதிய பிற்பாடே அதற்குச் சரித்திரம் வந்தது. எங்கள் கருத்தில், நம் சங்கம் ஆண்டுவிழா மேடைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். இதை விரும்பாத உறுப்பினரும் உளர் என்பதை அறிவோம்.

மாலை இரயிலில் திரும்புகையில், அந்தச் சிறுமியின் பள்ளி நோட்டை வாங்கி அதன் கடைசிப் பக்கத்தில் தாத்தா கோடுகள் இழுக்கத் தொடங்கினார். தண்ணீர்க் குழாய், கோயில், சர்ச்சு, கடை, ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர் பெயர், அவர் எந்த ஷிப்டு என்பது வரை சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். இறங்கும் இடம் வருமுன் ஒரு லைன் முடிந்தது. மற்ற லைன்களில் வாழ்ந்தோர் தத்தம் வீட்டு வரிசையை எழுதியும், பழைய நிழற்படம் இருப்பின் அதன் படியையும் சங்க அலுவலகத்தில் சேர்ப்பித்தால், அந்த நோட்டுடன் சேர்த்து வைப்போம்.