மின்னணுக் கண்காணிப்பு நிறுவனங்களின் ஒழுங்குமுறை

குற்றவியல் நீதியில் மின்னணுக் கண்காணிப்பு அல்லது இலத்திரனியல் கண்காணிப்பு என்பது, பிணையிலோ சிறை விடுப்பிலோ வெளிவந்த ஒருவரின் இருப்பிடத்தை அவர் உடலில் பூட்டிய கருவியின் மூலம் அறியும் முறையாகும். கணுக்காலில் அணிவிக்கப்படும் இக்கருவி, செய்மதிக் குறிகைகளைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணித்து, செல்பேசி வலையமைப்பின் வழியே கண்காணிப்பு மையத்துக்கு அனுப்புகின்றது. பல நாடுகளில் இப்பணியைச் செய்வோர் தனியார் நிறுவனத்தாரே. எனவே, அவர்களை அரசு எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றது என்பது முதன்மையான சட்டச் சிக்கலாகும்.

வரலாறு

1983 இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில நீதிபதி ஜாக் லவ் இம்முறையை முதன்முதலாகத் தண்டனையில் பயன்படுத்தினார். சிலந்தி மனிதன் படக்கதையே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்பர்.

ஒழுங்குமுறை தளர்ந்தால் நேர்வதற்கு இங்கிலாந்து எடுத்துக்காட்டாகும். ஜி4எஸ், செர்கோ ஆகிய நிறுவனங்கள் இறந்தவர்களுக்கும் மீண்டும் சிறை சென்றவர்களுக்கும்கூடக் கட்டணம் பெற்றமை 2013 இல் வெளிவந்தது. இரண்டும் பெருந்தொகையைத் திருப்பிச் செலுத்தின. உண்மையான இலாபத்தை அரசிடம் மறைத்தமைக்காக, செர்கோவின் துணை நிறுவனத்துக்கு 2019 இல் 1.92 கோடி பவுண்டும், ஜி4எஸ்சின் துணை நிறுவனத்துக்கு 2020 இல் 3.85 கோடி பவுண்டும் தண்டம் விதிக்கப்பட்டது.

இந்தியா

இந்தியாவில் கருவி முன்னே வந்துவிட்டது. கண்காணிப்பு நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. நவம்பர் 2023 இல் ஜம்மு காஷ்மீர் காவல்துறை, நீதிமன்ற ஆணைப்படி, பிணை பெற்ற ஒருவருக்கு இதனை அணிவித்தது. அதே ஆண்டின் மாதிரிச் சிறைச் சட்டம், கருவியை அணிய இசையும் கைதிகளுக்குச் சிறை விடுப்பு வழங்க இடமளிக்கின்றது. ஆயினும் சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளமையால், மாநிலங்கள் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும்.

போதைப்பொருள் வழக்கொன்றில், கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடக் குறியை விசாரணை அலுவலருக்குப் பகிர வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் பிணை நிபந்தனை விதித்திருந்தது. அக்குறியால் ஒருவரை நிகழ்நேரத்தில் பின்தொடர இயலாது எனக் கூகுள் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் விளக்கியது. நிபந்தனை விதித்த பின்னரே கருவியின் திறன் கேட்டறியப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை இடைவிடாது அறிய உதவும் நிபந்தனை, அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையை மீறும் என்று 8 சூலை 2024 அன்று நீதிபதிகள் அபய் எசு. ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு தீர்ப்பளித்தது.

குறிகை இழப்பு

மரச்செறிவிலும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் செய்மதிக் குறிகை நலிவடையும். நீலகிரியின் ஜெகதளா போன்ற மலையூரில் பிணையில் வாழும் ஒருவர், தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குச் செல்கையில் தொடர்பு அறுந்தால், அது கருவியின் குறையா, அவர் செய்த மீறலா என்பதைக் கருவியின் பதிவேடே காட்ட வேண்டும். அப்பதிவேடு நிறுவனத்தின் கையில் இருக்கும். அதனை எவ்வளவு காலம் பேண வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் அதனைப் பார்வையிடலாமா, பழுதான கருவிக்கு யார் பொறுப்பு என்பனவற்றை விதிகள் வரையறுக்காவிடில், மீண்டும் சிறை செல்ல நேர்வது அதனை அணிந்தவருக்கே.