வெயிலும் நிழலும் ஒரே படத்தில்

வெயில் ஏறிய பொழுதில் மாமல்லபுரத்து வராக மண்டபத்தைப் படமெடுக்க முற்படுபவருக்குப் பெரும்பாலும் இரண்டு வகைப் படங்களில் ஒன்றே கிட்டும். வெளிப்பாறையும் வானமும் தெளிவாக விழுந்தால், தூண்களுக்குப் பின்னே நிழலில் இருக்கும் திரிவிக்கிரமர் புடைப்புச் சிற்பம் கருமைக்குள் மறைந்துபோகும். சிற்பம் தெளிந்தாலோ வானம் வெளுத்து, பாறையின் சொரசொரப்புக்கூடத் தெரியாமல் போய்விடும். நேரில் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் தோன்றுவதில்லை. பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும்போதே கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவோ முழுக் காட்சியையும் ஒரே எக்ஸ்போஷரில், அதாவது சென்சாரின் மீது விழவிடும் ஒளியின் ஒரே அளவில், பதிவுசெய்தாக வேண்டும். இந்தக் குறையை ஈடுசெய்யப் பல படங்களை ஒன்றாக்கும் முறையே எச்.டி.ஆர். எனப்படும் உயர் ஒளிவீச்சுப் படமுறை. (தொலைக்காட்சிப் பெட்டிகளின் மேல் ஒட்டப்படும் அதே மூன்றெழுத்து, திரை காட்டவல்ல ஒளிர்வைப் பற்றியது, அது வேறு.)

ஒரு காட்சியின் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் உள்ள விகிதமே அதன் ஒளிவீச்சு. இது ‘ஸ்டாப்’ என்னும் அளவால் கணக்கிடப்படுகிறது. ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்காகும் என்பதால், 10 ஸ்டாப் என்பது 1,024 மடங்கு வேறுபாடு. இன்றைய நல்ல கேமராக்களின் சென்சார் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில், அதாவது குறைந்த ஒளியுணர்வு அமைப்பில், ஏறத்தாழ 12 முதல் 14 ஸ்டாப் வரை பதிவுசெய்ய வல்லது. ஆனால் வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுகிறது. சென்சார் கண்டதை அப்படியே சேமிக்கும் 14 பிட் ‘ரா’ கோப்பிலோ 16,384 படிநிலைகள் உண்டு. ஆகவே கற்கத் தொடங்குபவர் முதலில் ரா கோப்புக்கு மாறுவதே முறை. அப்படி மாறியதும், இதுவரை எச்.டி.ஆர். வேண்டும் என்று எண்ணியிருந்த பல காட்சிகளுக்கு ஒற்றைப் படமே போதுமென்பது விளங்கிவிடும்.

பல படங்களை ஒன்றாக்கும் எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. 1850களில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடற்காட்சிகளை எடுக்கையில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். அக்காலக் கொலோடியன் பூச்சு நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால், கடல் சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் வெறும் வெண்மையாகிவிட்டதே இதற்குக் காரணம். பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியளவைக் கணக்கிட்டெடுக்கும் வழியை 1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகியோரின் ஆய்வுக்கட்டுரை விளக்கியது. 2010இல் ஐபோனிலும் இவ்வசதி வந்து சேர்ந்தது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100 என்றும், ஒளி நுழையும் துளையாகிய அபெர்ச்சர் எஃப் 8 என்றும் வைத்து, குவியத்தையும் வெண்சமநிலையையும் தானியங்கியிலிருந்து விடுவித்த பிறகு, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றிச் சில படங்கள் எடுக்க வேண்டும். அபெர்ச்சரை மாற்றினால் தெளிவாகத் தெரியும் ஆழம் படத்துக்குப் படம் வேறுபட்டு, இணைக்கும்போது விளிம்புகள் பொருந்தாமல் போகும். வெயில் விழும் பாறைக்கு 1/500 நொடி சரியாக இருந்தால், அடுத்தவை 1/125, 1/30 என அமையும். மண்டபத்தின் உட்சுவருக்கு 1/8 நொடிகூடத் தேவைப்படலாம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டு ஸ்டாப் கூடுதல். பெரும்பாலான கேமராக்களில் உள்ள ‘பிராக்கெட்டிங்’ வசதி இதைத் தானே செய்துவிடும். எத்தனை படம் வேண்டும் என்பதை ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவல் வரைபடமே சொல்லும்: மிகக் குறைந்த ஒளியில் எடுத்த படத்தில் வரைபடம் வலது ஓரத்தை முட்டக் கூடாது, மிகுந்த ஒளியில் எடுத்ததில் இடது ஓரத்தை முட்டக் கூடாது.

லைட்ரூம், போட்டோமேட்டிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இப்படங்களை ஒரே கோப்பாக்குகின்றன. அந்தக் கோப்பில் உள்ள ஒளிவீச்சை வழக்கமான திரையோ தாளோ முழுமையாகக் காட்ட இயலாது என்பதால், அதைச் சுருக்கிப் பொருத்தும் ‘டோன் மேப்பிங்’ தேவையாகிறது. எச்.டி.ஆர். படங்களுக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் முழுவதும் இங்கேதான் சம்பாதிக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு இம்முறை வெளிச்சத்தைத் திருத்துவதால், அளவு மீறும்போது கட்டடத்தின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் படர்கிறது. மேகம் புகைபோல் கறுக்கிறது. கருங்கல் நெகிழிபோல் மினுங்குகிறது. இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. புடைப்புச் சிற்பத்தில் திரிவிக்கிரமரின் தூக்கிய கால் சுவரிலிருந்து முன்னே வருவதாகத் தோன்றுவது அதன் கீழ் விழும் நிழலால்தான். அந்த நிழலை முற்றிலும் வெளிறச் செய்த படத்தில் சிற்பத்தின் எல்லா விவரமும் தெரியும், சிற்பம் மட்டும் தட்டையாகிக் கிடக்கும். ஆகவே நிழலை நிழலாகவே விட்டு, அதனுள் இருப்பது புலப்படும் அளவுக்கு மட்டும் உயர்த்துவதே தக்கது. அமைப்புகளைக் கண்ணுக்குப் பிடித்த இடம்வரை ஏற்றிய பின், அதில் பாதியைக் குறைத்துவிடுவது நல்ல பழக்கம்.

அலை, அசையும் கிளை, நடந்துபோகும் மனிதர் ஆகியவை ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் பதிவதால், இணைத்த படத்தில் ஆவியுருபோல் இரட்டித்துத் தெரியும். மென்பொருள்கள் இதை ஓரளவு திருத்தும் என்றாலும், கடற்கரைக் கோயிலின் முன் கூட்டம் நிறைந்த மாலையில் ஒற்றை ரா கோப்பே பாதுகாப்பானது. மேலும், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மாமல்லபுரம் போன்ற இடங்களில் முக்காலி பயன்படுத்த முன் அனுமதி தேவை. அனுமதி பெறாதவர்கள் ஐ.எஸ்.ஓ.வைச் சற்று உயர்த்தி, முழங்கைகளை உடலோடு அணைத்து நின்று, பிராக்கெட்டிங்கைத் தொடர்படமாக எடுத்துக்கொள்ளலாம்; சிறு கையசைவை மென்பொருளே சரிசெய்துவிடும்.