குஞ்சுச் சிலந்தியின் நஞ்சு

நீலகிரி மலையில் மண்ணில் வளை தோண்டி வாழும் டாரன்டுலா சிலந்தி ஒன்றுக்கு ஹாப்லோகிளாஸ்டஸ் நில்கிரினஸ் என்று 1899-இல் பெயரிட்டவர் ஆங்கிலேய விலங்கியலாளர் ரெஜினால்ட் போகாக். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் பொசிலோதீரியா இனத்து டாரன்டுலாக்கள் வாழ்கின்றன. அவை கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் உயிரைப் பறிக்கும் விஷமில்லை. இந்தியாவில் தயாராகும் முறிமருந்துகள் பாம்புக்கும் தேளுக்கும் உரியவை. சிலந்தி கடித்தவருக்கு வலியைத் தணிக்கும் சிகிச்சைதான் கிடைக்கும்.

வளர்ந்த டாரன்டுலாவிடம் விஷம் எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், ஜாடியின் வாயில் இறுக்கிய தோலைப் பாம்பு கடிக்கும்படி செய்து விஷத்தைச் சேகரிப்பார்கள். சிலந்திக்கு அது ஒத்துவராது, வரும் துளி அவ்வளவு சிறிது. அதனால் சிலந்தியைக் கரியமில வாயுவால் மயக்கி, விஷப்பல்லைத் தாங்கும் தாடையின் அடியில் மெல்லிய மின்னதிர்வு கொடுக்கிறார்கள். டாரன்டுலாவின் விஷச்சுரப்பி அந்தத் தாடைக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றிய தசை சுருங்கியதும் பல்நுனியில் கசியும் துளியை நுண்குழாயில் ஏந்திக்கொள்வார்கள். கிடைப்பது சில மைக்ரோலிட்டர். சுரப்பி மறுபடி நிரம்பச் சில வாரங்கள் ஆகும்.

புதிதாகப் பொரித்த சிலந்திக் குஞ்சிடம் இந்த வித்தை பலிக்காது. அதன் உடலே கடுகளவுதான்; தாடையைப் பிடிக்க இடுக்கி கிடையாது. ஆகவே நூற்றுக்கணக்கான குஞ்சுகளை உறையவைத்து, உப்புக் கரைசலில் முழு உடலோடு அரைக்கிறார்கள். புரதங்களைக் குடல் நொதிகள் சிதைத்துவிடாதபடி எல்லாமே குளிரில் நடக்கும். பிறகு அதிவேகச் சுழற்சியில் சக்கையைப் படியவைத்து, மேலே தெளியும் சாற்றை எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தச் சாற்றில் தசைப் புரதம், செரிமான நொதி, முட்டைக்கருவின் மிச்சம் என்று எல்லாம் கலந்திருக்கும். எந்த உயிரியை அரைத்துச் செலுத்தினாலும் எலிக்கு ஏதாவது கேடு வரலாம். அதை நஞ்சு என்று சொல்லிவிட முடியாது. ஆகவே சாற்றை மூலக்கூறுகளின் பருமன்படியும் மின்னேற்றத்தின்படியும் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூறையும் கரப்பான்பூச்சியிலும் சுண்டெலியிலும் சோதிப்பார்கள். நரம்போடு பிரித்தெடுத்த எலியின் உதரவிதானத் தசை துடிப்பை நிறுத்துகிறதா, நரம்பணுவின் அயனி வாயில்கள் அடைபடுகின்றனவா என்றும் பார்ப்பார்கள். வினை காட்டும் கூறு எந்தப் புரதம் என்பதை நிறை நிறமாலைமானி சொல்லும்.

இந்த ஆய்வு உண்மையில் வளர்ந்தது கருப்பு விதவைச் சிலந்தி இனத்தில்தான். அதன் முட்டையிலும் குஞ்சிலும்கூட நஞ்சு உண்டு என்று ஜெர்மானிய மருந்தியலாளர் ருடால்ஃப் கோபர்ட் 1901-லேயே எழுதினார். சீனாவின் ஹூனான் நார்மல் பல்கலைக்கழகத்தார் அண்மைக் காலத்தில் அதைப் புரதம் புரதமாக அலசினார்கள். குஞ்சின் நஞ்சு தாயின் விஷத்தின் நகல் அல்ல, அதன் சேர்மானம் வேறு என்று தெரியவந்தது. இரை பிடிக்கத் தெரியாத பருவத்தில் நஞ்சு எதற்கு? தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிரான காவல் என்பது ஏற்கத்தக்க ஊகம்.

தாயின் விஷத்திலுள்ள ஆல்ஃபா லேட்ரோடாக்சின் நரம்பு முனையிலிருந்து தூதுப்பொருளை மொத்தமாக வெளியேற்றிவிடும். அது நரம்பில் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடித்தான் 1992-இல் தாமஸ் ஸூடாஃப் குழு நியூரெக்சின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. நரம்பணுக்களின் சந்திப்பை ஆராய விஷம் இப்படி ஒரு கருவியானது. ஆஸ்திரேலியப் புனல்வலைச் சிலந்தியிலிருந்து குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கிளென் கிங் குழு 2017-இல் அறிவித்த ஹெச்ஐ1ஏ என்ற விஷப் புரதம், பக்கவாதம் வந்த எலிகளின் மூளையைக் காத்தது.

நீலகிரிச் சிலந்திகளுக்கு அரைக்கும் முறை பொருந்தாது. டாரன்டுலா மெதுவாக வளரும். பெண் பல ஆண்டு வாழும். ஒரு வளையைக் காலிசெய்தால் இழப்பு எளிதில் ஈடாகாது. செல்லப்பிராணிச் சந்தைக்குப் பிடிக்கப்படுவதால் பொசிலோதீரியா இனம் முழுவதும் 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. இப்போது ஒரே ஒரு சிலந்தியின் சுரப்பியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் படித்து, அதில் எழுதியிருக்கும் நஞ்சுகளைப் பாக்டீரியாவிலேயே தயாரிக்க முடிகிறது. ஆனால் குஞ்சின் நஞ்சு உடல் முழுதும் பரவியிருந்தால் சுரப்பியைப் படித்து மட்டும் அது அகப்படாது. அதற்குச் சில குஞ்சுகளையாவது முழுதாகப் படித்தாக வேண்டும்.