முதியோரின் உடல்நிறை: தராசு காட்டுவதும் காட்டாததும்

எமது முதியவர்கள் வைத்தியரிடம் வந்தால் முதலில் கேட்பது "நிறை எவ்வளவு?" என்றுதான். சென்ற முறையைவிட மூன்று கிலோ குறைந்திருந்தால் அம்மாவுக்கும் மகிழ்ச்சி, கூட வந்த மகளுக்கும் மகிழ்ச்சி. 65 வயதுக்கு மேல் இந்த மகிழ்ச்சி எப்போதும் சரியானதல்ல. குறைந்தது கொழுப்பா தசையா என்பதைத் தராசு சொல்வதில்லை.

கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது உடல்நிறைச் சுட்டெண். 1830களில் பெல்ஜியக் கணித அறிஞர் கெற்லே மக்கள் கூட்டத்தை ஆராய வகுத்த கணக்கு இது. எம்மவரில் இது எப்படி ஏமாற்றும் என்பதை 2004இல் லான்செற் சஞ்சிகையில் வந்த ஒரு படம் காட்டியது. புனே நகர வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் சுட்டெண் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். (யுட்கின் மரதன் ஓடுபவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திராமல் 23இலிருந்தே கவனம் தேவை என்றது.

முதுமையில் இன்னொரு சிக்கலும் உண்டு. முள்ளந்தண்டு தேய உயரம் குறையும். 155 சென்ரிமீற்றர் உயரமும் 55 கிலோ நிறையும் உள்ள ஒருவரின் சுட்டெண் 22.9. அவரே 150 சென்ரிமீற்றருக்குக் குறுகினால், ஒரு கிராமும் கூடாமலே அது 24.4 ஆகிவிடும். 65 வயதுக்கு மேற்பட்டோரில் சற்றுக் கூடிய சுட்டெண்ணையும் இயல்பாகக் கொள்ளலாம் என 2003இல் வெளியான கனடிய வழிகாட்டியே கூறுகிறது.

எனவே தராசுடன் ஓர் அளவு நாடாவும் வைத்திருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நீரிழிவு, இருதய நோய் ஆபத்து கூடுகிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளும் எமது வழமையான உடல்வாகை இந்த நாடாதான் பிடிக்கும்.

தசையையும் வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கதிரையில் அமர்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து தடவை எழுந்து இருக்கச் சொல்லுங்கள். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். ஆசிய நிபுணர் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறைப்படி 12 விநாடி அல்லது அதற்குமேல் எடுத்தால் தசைப் பலவீனம் இருக்கலாம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றாலும் அப்படியே. கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்ப வேண்டாம். ஜனவரி மாதத்தில் பார்க் எக்ஸ்ரென்ஷன் நடைபாதைப் பனியில் கால் வழுக்கும்போது உடலை நிமிர்த்திப் பிடிப்பது இந்தத் தசைதான். விழுந்து இடுப்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை.

நுஏஜ் என்ற ஆய்வு எமது மாகாணத்திலேயே 2003இல் தொடங்கியது. மொன்றியல், லாவால், ஷேர்புறூக் பகுதிகளில் 67 முதல் 84 வயதுவரையான 1793 பேர் பங்கேற்றனர். மூன்று வேளையும் புரதத்தைச் சமமாகப் பகிர்ந்து உண்டவர்களுக்குத் தசைவலு கூடுதலாக இருந்தது. முதுமையின் தேய்வை அது நிறுத்தவில்லை என்பதும் உண்மை. எமது வீடுகளில் காலையில் பாணும் பிளேன்ரீயும், இரவில் இடியப்பமும் சொதியும். மீனும் பருப்பும் மதியத்துடன் சரி. காலையில் ஒரு முட்டையோ அவித்த கடலையோ, இரவில் தயிரோ பருப்போ சேர்த்தால் போதும். விரத நாட்களிலும் கடலையைக் கைவிடாதீர்கள். சிறுநீரக நோயாளர் மட்டும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

முயலாமலே ஆறு மாதத்தில் நிறையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோவில் 3 கிலோ, குறைந்தால் காத்திருக்க வேண்டாம். கட்டுப்படாத நீரிழிவு, தைரொயிட், புற்றுநோய், மனச்சோர்வு, ஏன், சரியாகப் பொருந்தாத பொய்ப்பல்கூடக் காரணமாகலாம். குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811ஐ அழைத்து எங்கே செல்வதென்று கேட்கலாம். போகும்போது பழைய நிறைகளைத் திகதியுடன் எழுதிக்கொண்டு போங்கள்.