மழலையிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்

கணவர் துபாயிலோ தோகாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிய, மனைவி கள்ளக்குறிச்சியிலோ எறையூரிலோ தாய்வீட்டில் குழந்தையுடன் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. விசா வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்த அன்றே வீட்டின் பேச்சு மாறிவிடுகிறது. எத்தனை கிலோ சுமை கொண்டு செல்லலாம், எந்த விமானத்தில் கட்டணம் குறைவு, மிளகாய்த்தூளை எப்போது அரைப்பது, சீர்வரிசைப் பாத்திரங்களை யார் பொறுப்பில் விடுவது என்று ஒவ்வொன்றும் ஆராயப்படுகிறது. அதே வீட்டில் எல்லாரையும்விடப் பெரிய மாற்றத்தைச் சந்திக்கவிருக்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வயது ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு. அவரிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. "அதற்கு என்ன தெரியும்?" என்று விட்டுவிடுகிறோம்.

தெரியும் என்பதுதான் உண்மை. அந்த உண்மையை மனத்தில் கொண்டு, புறப்படுவதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களைப் பெற்றோர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கடல் கடந்து பிழைப்புத் தேடுவது நம் மக்களுக்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அத்தமிழரிடையே கத்தோலிக்கரும் இருந்தனர்; பெற்றோருடன் சென்ற சிறு குழந்தைகளும் இருந்தனர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிற்காலத்தில் மலேயாவுக்குச் சென்றோர் பலர். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பட்டு 1888இல் திறக்கப்பட்ட லூர்து மாதா ஆலயம் அந்தப் பழைய பயணங்களுக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. அக்காலக் கப்பல் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. கைக்குழந்தைக்கும் ஓர் எண் கிடைத்தது. அக்குழந்தை வழியெல்லாம் யாரைத் தேடி அழுதது என்பதை எழுத அதில் ஒரு கட்டம் இல்லை.

இன்று நிலைமை வேறு. எனினும் விரும்பும் எல்லாரும் குடும்பத்தை அழைத்துக்கொள்ள இயலாது. ஐக்கிய அரபு அமீரகம் 2019இல் வகுத்த விதிப்படி, மாதம் 4,000 திர்ஹாம் ஊதியம் உள்ளவரோ, உறைவிடத்துடன் 3,000 திர்ஹாம் பெறுபவரோதான் குடும்பத்துக்குப் பொறுப்பேற்க முடியும். கட்டடத் தொழிலாளியாகவோ உதவியாளராகவோ சென்றவருக்கு இது எட்டாத தொகை. ஆகவே பலர் முதலில் தனியே சென்று, ஊதியம் உயர்ந்தபின் மனைவியை அழைக்கின்றனர். தாய் செவிலியராக இருந்தால், அவரே முதலில் சென்று கணவரையும் குழந்தையையும் பின்னர் அழைத்துக்கொள்வதும் உண்டு. இந்த இடைக்காலத்தில்தான், "நீங்கள் இருவரும் போய் நிலைபெறுங்கள், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், ஓராண்டு கழித்து வந்து அழைத்துப் போங்கள்" என்று பாட்டி கூறுகிறார். அன்பினால் பிறந்த சொல் அது; ஆனாலும் உடனே ஏற்றுக்கொள்ளத் தக்கதன்று.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஒரு சிறு திரைப்படத்தை வெளியிட்டார். இரண்டரை வயதை எட்டாத ஒரு சிறுமி சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கியதைக் காட்டும் படம் அது. அக்காலத்தில் பெற்றோரை அங்கு உடன் தங்க விடுவதில்லை. குழந்தைகள் முதலில் அழுவர், பிறகு அடங்கிவிடுவர். அடங்கிவிட்டதால் பழகிவிட்டனர் என்று மருத்துவர்கள் நம்பினர். ராபர்ட்சனும் அவருடன் பணியாற்றிய ஜான் பௌல்பியும் அந்த அமைதியின் பொருள் வேறு என்று எடுத்துக்காட்டினர். முதலில் குழந்தை எதிர்த்து அழுகிறது. பிறகு நம்பிக்கை இழந்து சோர்கிறது. கடைசியில் பற்றறுத்துக்கொண்டு, தாய் திரும்பி வரும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தொடக்கத்தில் இப்படத்தை மருத்துவர்கள் பலர் வெறுத்தனர். எனினும் 1959இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் தடையின்றிக் குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எட்டு நாள் பிரிவு இத்தனை செய்யுமானால், ஓராண்டுப் பிரிவை எளிதாக எண்ணலாமா? வேறு வழியே இல்லாத குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. ஆயின், சில மாதம் பொறுத்திருந்தால் குழந்தையுடன் சேர்ந்தே செல்லலாம் என்ற நிலையில் இருப்போர், பொறுத்திருப்பதே நன்று.

இத்துயரம் விமானம் ஏறுவோருக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். கள்ளக்குறிச்சியின் மேற்கே கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்கும் கல்வராயன் மலையை நோக்குங்கள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களில் பலர், மலையில் வேலையில்லாத மாதங்களில் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் செல்கின்றனர். பால்குடி மாறாத குழந்தை தாயின் முதுகில் செல்கிறது. சற்று வளர்ந்தது தாத்தா பாட்டியிடம் தங்குகிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாத பயணமே எனினும், மொழி வேறு, உணவு வேறு, குளிர் வேறு. தோட்டத்துக் கொட்டகையில் கண்விழிக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுவும் அயல்நாடுதான்.

பிரிவைப் பற்றிப் பேசும்போது நம் வீடுகளில் வேரூன்றிய ஒரு வழக்கத்தைக் கடிந்து கூறாமல் இருக்க இயலவில்லை. குழந்தை அழுமே என்று அஞ்சி, அது உறங்கும்போது தந்தை புறப்பட்டுவிடுகிறார். அல்லது, "கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வருகிறேன்" என்று சொல்லிவிட்டு விமான நிலையத்துக்கு வண்டி ஏறுகிறார். கண்ணீரைத் தவிர்த்துவிட்டோம் என்று பெரியவர்கள் நிம்மதி அடைகின்றனர். குழந்தையோ, உறங்கினால் அன்புக்குரியவர் மறைந்துவிடுவர் என்று கற்றுக்கொள்கிறது. அதன்பின் இரவில் உறங்க மறுக்கிறது. தாய் குளியலறைக்குச் சென்றாலும் கதறுகிறது. நம் முன்னோர் வாசலில் நின்று "போகிறேன்" என்று சொல்லத் தயங்கினர். "போய் வருகிறேன்" என்றே சொன்னார்கள். அச்சொல்லுக்கு உரிய பங்கை மழலைக்கும் கொடுத்தல் வேண்டும். அழட்டும். அழும்போது தூக்கி அணைத்து, முத்தமிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டுச் செல்லுதல் வஞ்சித்துச் செல்வதைவிட மேலானது.

சரி, இரண்டு வயதுக் குழந்தையிடம் எதைச் சொல்வது? "ஐக்கிய அரபு அமீரகம்" என்றால் அதற்கு விளங்காது. "அப்பா வீட்டுக்குப் போகிறோம். அம்மா உன்னோடு வருவேன். ஆயா இங்கே இருப்பார். போனில் ஆயாவைப் பார்க்கலாம்" என்று நாள்தோறும் அதே சொற்களில் சொல்லலாம். எவை மாறும், எவை மாறா என்று அறிவதே குழந்தைக்கு வேண்டியது. போர்த்தி உறங்கும் பழைய புடவைத் துண்டு, பால் குடிக்கும் டம்ளர், உறங்குமுன் பாடும் பாட்டு ஆகியவை உடன் செல்ல வேண்டும். புதிய ஊருக்குப் புதிய பொருள்களே அழகு என்று எண்ணி அந்தக் கந்தல் துணியைக் குப்பையில் எறியும் தாய்மார், முதல் வாரத்திலேயே அதை நினைத்து வருந்துவர்.

பாட்டியின் கையால் உண்டு, பாட்டியின் அருகிலேயே உறங்கும் குழந்தையாயின், புறப்படும் நாள்வரை அவ்வாறே விட்டுவைப்பது தவறு. இரண்டு மாதம் முன்பிருந்தே ஊட்டுவதையும் உறங்கச் செய்வதையும் தாய் மெல்லத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டிக்கு இது வேதனை தரும். தன்னை ஒதுக்குகின்றனர் என்றும் தோன்றும். ஆகவே அவரிடம் காரணத்தை மனம்விட்டுப் பேசிவிடுவது மருமகளின் அல்லது மகளின் கடமை.

தந்தையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கைப்பேசித் திரையில் மட்டும் அறிந்த முகம் விமான நிலையத்தில் முழு மனிதராக வந்து நிற்கும்போது, குழந்தை அலறித் தாயின் தோளில் முகம் புதைத்துக்கொள்கிறது. அவர் வாங்கி வந்த பொம்மை கையிலேயே இருக்கிறது. அதை மனக்குறையாகக் கொள்ளாமல், சில நாள் பொறுத்து, தரையில் அமர்ந்து விளையாடி நெருங்குவாரானால் பயம் தானே விலகும். முன்னதாகவே தினமும் ஒரே நேரத்தில் அழைத்துப் பேசிவருவது பெரிதும் உதவும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஆயினும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதைக் குழந்தை மருத்துவர்கள் இதனோடு சேர்ப்பதில்லை.

மற்றொன்று மொழி. விசா வந்ததும் சில வீடுகளில் குழந்தையிடம் திடீரென ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகின்றனர். "வாட்டர் குடி, மில்க் குடி" என்னும் இந்தக் கலவை எம்மொழியும் ஆகாது. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தை குழம்பிவிடுவதில்லை. ஆங்கிலம் பள்ளியில் தானே வரும். எல்லாம் மாறும் அந்த நாள்களில் தாயின் மொழியேனும் மாறாதிருக்கட்டும்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் பெற, பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்று 2025இல் விதி திருத்தப்பட்டுள்ளது. குழந்தையின் பெயரின்றிப் பிறப்பு மட்டும் பதிவாகியிருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, திருமுழுக்குப் பெயர் மற்றொன்று, சான்றிதழில் வேறொன்று என்பது கத்தோலிக்க வீடுகளுக்கே உரிய சிக்கல். எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்குமாறு இப்போதே சரிசெய்க. மலையில் இது இன்னும் கடினம். 1976இல்தான் கல்வராயன் மலையில் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. அரசுப் பதிவேட்டின் வழக்கம் அங்கு இரண்டு தலைமுறைப் பழக்கமே. சிறுவருக்கான பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்கே செல்லும் என்பதையும், தடுப்பூசி அட்டையின் மூலப்படி கையில் இருக்க வேண்டும் என்பதையும் மறவாதீர். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் பெரும்பாலான விமானங்களில் தனி இருக்கை இல்லை, கட்டணமும் குறைவு. பயண நாளுக்குள் இரண்டு நிறைந்துவிட்டால் முழு இருக்கை எடுக்க வேண்டும். விமானம் இறங்கும்போது காது அடைத்து வலிக்கும். அவ்வேளையில் பாலோ தண்ணீரோ பருகக் கொடுத்தால் விழுங்கும்போது அடைப்பு நீங்கும்.

பாட்டி கட்டித்தரும் மூட்டையைத் தாய் தன் கையாலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். கசகசா அரைத்த மசாலாப் பொடி நமக்குச் சமையல் பொருள். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அதற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. குழந்தைக்கு இழைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் வசம்பு, கடுக்காய், சாதிக்காய் முதலியன இருக்கும். கடுக்காய் கல்வராயன் மலையிலிருந்து வந்த நல்ல சரக்காகவே இருக்கலாம். ஆயின் சவூதி அரேபியாவில் சாதிக்காய்க்குத் தடை உண்டு. இருமல் மருந்துகளிலும் சில அங்கெல்லாம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவரின் சீட்டின்றி எதையும் எடுத்துச் செல்லலாகாது.

இனி ஆன்ம காரியம். குழந்தைக்குத் திருமுழுக்கு இன்னும் ஆகவில்லை எனில், புறப்படுமுன் தாத்தா பாட்டி சூழ, சொந்தப் பங்கில் நிறைவேற்றுங்கள். பிற்காலத்தில் அக்குழந்தை எந்நாட்டில் உறுதிபூசுதல் பெற்றாலும், எந்நாட்டில் மணம் முடித்தாலும், அச்செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். துபாய் மரியன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி உண்டு. சவூதி அரேபியாவிலோ ஆலயமே இல்லை. அங்குச் செல்லும் பெற்றோர் வீட்டையே ஆலயமாக்கிக்கொள்ள வேண்டும். படுக்குமுன் நெற்றியில் சிலுவை வரைவது, மாதா படத்துக்கு முத்தமிடுவது ஆகியவை இப்போதே குழந்தையின் பழக்கமாகட்டும். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 ஆகஸ்டு 1 அன்று குடிபெயர்ந்தோரைப் பற்றி வெளியிட்ட மடலில், எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பத்தையே புலம்பெயரும் குடும்பங்கள் அனைத்துக்கும் முன்மாதிரியாக நிறுத்தினார். புனித சூசையப்பருக்கு மூட்டை கட்ட ஓர் இரவுகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. நமக்கு மாதங்கள் கிடைத்திருக்கின்றன.

பின்தங்கும் பெரியோருக்காகவும் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுச் செல்லுங்கள். குழந்தை போனபின் வெறுமையாகும் வீட்டில் அவர்களுக்கு மிகக் கொடிய வேளை மாலைப்பொழுதுதான். கள்ளக்குறிச்சியில் இரவு 7 மணிக்குச் செபமாலை தொடங்கும்போது துபாயில் மாலை 5.30 மணி, குழந்தை விழித்து விளையாடிக்கொண்டிருக்கும் நேரம். சிங்கப்பூரில் அப்போது 9.30 ஆகிவிடுவதால், மகன் அங்கிருப்பவர்கள் செபமாலையை மாலை 5 மணிக்கே தொடங்கிவிடலாம். ஒரு பத்துமணி முடியும்வரை மழலை திரையில் இருந்தால் போதும்.