நடுங்குது என்றால் எந்த நடுக்கம்?



“ஒடம்பு வெடவெடன்னு நடுங்குது”, “கை சும்மா ஆடிக்கிட்டே இருக்கு”, “புள்ளைக்கு வெட்டி வெட்டி இழுக்குது” – நம் லயங்களில் இப்படி ஒவ்வொன்றையும் தெளிவாகவே சொல்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் என்ன நடக்கிறது? தெரிந்த ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொண்டு “ஷேக்கிங் டொக்டர், ஷேக்கிங்” என்கிறோம். மூன்று வேறு வேறு வருத்தங்கள் ஒரே சொல்லுக்குள் மறைந்துபோகின்றன.

இங்கிலீஷில் ‘ஷேக்’ என்பது பொதுச்சொல். மரம் ஆடினாலும், போத்தலைக் குலுக்கினாலும், கை நடுங்கினாலும் ‘ஷேக்’தான். பாணி மருந்துப் போத்தலில் ‘ஷேக் வெல்’ என்று போட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். முதலில் பிள்ளைக்கு மருந்து குறைவாகப் போகும். கடைசியில் அளவுக்கு மிஞ்சிப் போகும்.

வருத்தத்தைச் சொல்வதற்கு மூன்று சொற்களை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது ‘ஷிவரிங்’. குளிரிலோ காய்ச்சலிலோ உடம்பு முழுதும் வெடவெடப்பது. தசைகளை உதறி உதறித்தான் உடம்பு சூட்டை உண்டாக்குகிறது. ஆகவே காய்ச்சல் ஏறும்போது இது வரும். முன்னே மலேரியாவுக்கு இங்கிலீஷ்காரர் ‘ஏகியூ’ என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். நாம் குளிர்க்காய்ச்சல் என்றோம். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனாலும் இந்தியா போய் வந்தவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், போய் வந்ததைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ‘ட்ரெமர்’. காய்ச்சல் இல்லாமல் கையோ தலையோ ஓயாமல் ஆடுவது. லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஒரு நடுக்கவாதத்தைப் பற்றி எழுதினார். அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். ஆனால் எல்லாக் கைநடுக்கமும் அந்த நோய் அல்ல. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் கை நடுங்கும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். வெட்கப்பட்டு இதை மறைக்கக்கூடாது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் வேர்த்து நடுங்கினால், இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் உடனே சீனி போட்ட பிளேன்டி கொடுங்கள்.

மூன்றாவது ‘ஃபிட்ஸ்’. அதாவது வலிப்பு. கை கால் வெட்டி இழுக்கும், கண் மேலே சொருகும், கூப்பிட்டால் பேச்சிருக்காது. காய்ச்சலில் வெடவெடக்கிற பிள்ளை அம்மாவைப் பார்க்கும், அழும். இந்த வித்தியாசத்தைச் சொன்னால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. வலிப்பு வந்தவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலும் பயனில்லை. எத்தனை நிமிஷம் இழுத்தது என்று பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்னும் மூன்று சொற்கள்: பயத்தில் நடுங்கினால் ‘ட்ரெம்பிள்’, அழுகை வரும் நேரம் உதடு துடித்தால் ‘குவிவர்’, கோரமானதைக் கண்டு உடம்பு ஒருதரம் குலுங்கி அடங்கினால் ‘ஷடர்’.

“இவ்வளவு இங்கிலீஷும் தெரிஞ்சாத்தான் வைத்தியமா?” என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர், மானிப்பாயில் ஆஸ்பத்திரியும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். முதலில் இங்கிலீஷில்தான் படிப்பித்தார். படித்தவர்கள் நல்ல சம்பளம் தேடி வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் இல்லை. ஆகவே 1860களில் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். அதற்குப் புத்தகம் வேண்டுமே! பெரிய பெரிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது; ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்தது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு நோய்க்கும் தமிழில் சொல் தேடினார்கள். இல்லாத இடத்தில் புதிதாக ஆக்கினார்கள். 1873இல் அவர் ஊர் திரும்பினார். அவர் பெயரால் ஆஸ்பத்திரி இன்றும் மானிப்பாயில் இருக்கிறது.

வந்த டொக்டரே நம் மொழியில் வைத்தியம் படிப்பித்தார் என்றால், நம் மொழியில் வருத்தத்தைச் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்? இங்கிலீஷ் சொல் நினைவில் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் சொல்வது போலவே சொல்லுங்கள்: எந்த உறுப்பு நடுங்கியது, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, காய்ச்சல் இருந்ததா, கூப்பிட்டபோது பேசினாரா. டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் இந்த ஐந்தையும் ஒன்றும் விடாமல் சொல்லச் சொல்லுங்கள். “ஷேக்கிங்” என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்த ஐந்து பதில்தான் நோயாளிக்கு உதவும்.