சர்க்கார் உதவியும் தறிக்காரர் கைத்திறனும்

கைத்தறி என்பது துணி உற்பத்தி மட்டுமன்று. கரையிலும் முந்தானையிலும் நெசவாளரின் கற்பனையே உருப்பெறுகின்றது. இக்கலைத்தொழிலைக் காக்கும் கடமை சர்க்காருக்கு உண்டென்பது நம் நாட்டில் நெடுநாளாக ஏற்கப்பட்ட கொள்கை. அவ்வுதவி எவ்வகைகளில் வருகின்றது என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, காப்பு. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் மில் துணி மீது கெஜத்துக்கு மூன்று தம்பிடி கூடுதல் வரி விதித்தது. அவ்வரி கதர், கைத்தறி அபிவிருத்திக்கென ஏற்பட்டது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. 22 ஆக இருந்த அந்த ரகங்கள் பின்னர் 11 ஆகக் குறைந்தன.

இரண்டாவது, சந்தை. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் சங்கங்களின் சரக்கை வாங்கி விற்கின்றது. பண்டிகைக்காலத் தள்ளுபடியால் விற்பனை பெருகும். ஆயினும் தள்ளுபடித் தொகை சர்க்காரிடமிருந்து வந்து சேரத் தாமதமானால், நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் வேண்டிய சங்க மூலதனம் அதில் முடங்கிவிடும்.

மூன்றாவது, அறிவு. 1956 முதல் அமைக்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்கள் புதிய டிசைன்களையும் சாயமேற்றும் முறைகளையும் கற்பிக்கின்றன.

நான்காவது, பெயர். 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்க் காஞ்சிபுரம் பட்டு பதிவு பெற்றுள்ளது. வேறிடத்துச் சரக்கை அப்பெயரில் விற்பது குற்றமாகும்.

இவற்றுள் எது நிலைத்த பயன் தருவது? தள்ளுபடி, பருவம் முடிந்ததும் தீர்ந்துபோகும். கற்ற டிசைனும் காத்த நற்பெயரும் தறியை விட்டு அகலா. வாரியங்களும் நிரந்தரமானவை அல்ல. அகில இந்தியக் கைத்தறி வாரியமே 2020-இல் கலைக்கப்பட்டது. பருத்தியும் பட்டுக்கூடும் விளைவிக்கும் அன்பர்களும் இதனைக் கருதுதல் வேண்டும். தறி ஓய்ந்தால் நூலுக்குரிய சந்தை ஒன்றும் குறுகும்.

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவனைச் சட்டம் தண்டிக்கலாம். ஆனால் தன் சங்க முத்திரை பொய்த்துணி மீது விழாமல் காக்க வேண்டியவர் அங்கத்தினரே. ஒரு பொய்ச் சேலை கெடுக்கும் பெயரை நூறு தள்ளுபடிகள் மீட்டுத் தரமாட்டா. ஆகவே, மகாசபைக் கூட்டத்தில் இவ்வாண்டு வந்த உதவி எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அதனால் எத்தனை தறிகளில் புது டிசைன் ஏறியது என்றும் கேட்போமாக.